பல் பிடுங்கப் போவதற்கு முன் ஒரு போன்

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

"பல்லு பிடுங்கணும்னு நாங்களே நிறுத்திட்டோம் சார். ரத்தம் நிக்காதுன்னாங்க."

மூன்று மாதத்துக்கு முன் அந்த அம்மாவின் மூளை ரத்தக்குழாயில் ஃப்ளோ டைவர்ட்டர் என்ற உலோக வலைக்குழாய் ஒன்றை வைத்திருந்தேன். இப்போது வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது.

மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, பலூன் போலப் புடைப்பதுதான் அனூரிசம். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வாழ்நாளில் அனுபவித்திராத தலைவலி நொடியில் வந்தால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடுவதுதான் வழி. 1990-இல் குலியெல்மி என்ற இத்தாலிய மருத்துவர், தொடை ரத்தக்குழாய் வழியே கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளை (காயில்) நிரப்பும் முறையை நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கினார். இன்று மணிக்கட்டு வழியாகவும் போகிறோம்.

ஃப்ளோ டைவர்ட்டர் வேறு ரகம். அது புடைப்புக்குள் போகாது. மெல்லிய உலோக இழைகளை நெருக்கமாகப் பின்னிய குழாய் அது. ரத்தக்குழாய்க்குள்ளேயே, புடைப்பின் வாயை மறித்து உட்காரும். உள்ளே போகும் ரத்தத்தின் வேகம் குறையும், தேங்கும், உறையும். அப்புறம் அந்த உலோகத்தின் மேல் ரத்தக்குழாயின் உட்சுவர் வளர்ந்து மூடும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும்.

சிக்கலே இந்த இடைப்பட்ட காலத்தில்தான். வெறும் உலோகத்தைக் கண்டால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும்; ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகள். சிலருக்குக் குளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்யாது, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, மாற்று மாத்திரையும் உண்டு. பொதுவாகச் சில மாதம் இரண்டும், பிறகு ஆஸ்பிரின் மட்டும் நீண்ட நாள். எப்போது எதை நிறுத்துவது என்பதை ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் படமெடுக்கும் பரிசோதனை) பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஆபரேஷன் நாளைவிட இந்த மாதங்களுக்குத்தான் எனக்குப் பயம் அதிகம்.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்தலாம், தேவைப்பட்டால் தையல் போடலாம். அவசரமில்லாத பல் வேலையைச் சில மாதம் தள்ளியும் போடலாம். பல் மருத்துவர் என்னை ஒருமுறை கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஃப்ளோ டைவர்ட்டர் இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்குக் கை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சுக்கு இன்னும் பயிற்சி நடக்கிறது. இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டின் மேலே, சிவப்பு மையில், என் கைப்பட எழுதுகிறேன்: 'மாத்திரையை நிறுத்துமுன் எனக்குப் போன் செய்யவும். பல் டாக்டரிடமும் காட்டவும்.'