சீர்சக்கர் சுருங்கின துணி இல்ல, சுருக்கு வெச்ச துணி

சீர்சக்கர்னா ஒரு பட்டை வழவழன்னும் அடுத்த பட்டை புடைச்சும் வர்ற மாதிரி நெய்யற துணி. அதுல தைச்ச சட்டைய "சுருங்கல் துணி"ன்னு மொழிபெயர்த்திருக்கறத மறுபடி ஒரு தடவ பாத்துட்டேன், இனிமே சொல்லாம இருக்க முடியல.

பேரு வந்த கதை சின்னதுதான். பாரசீகத்துல ஷீர் ஓ ஷக்கர்னா பாலும் சர்க்கரையும். வழவழன்னு இருக்கற பட்டை பால், பக்கத்துல சொரசொரன்னு இருக்கறது சர்க்கரை. இந்தியா வழியா இங்கிலீஷுக்குப் போய் சீர்சக்கர் ஆச்சு. அந்த ஷக்கரும் நம்ம சர்க்கரையும் ஒரே வடமொழிச் சொல்லுலேர்ந்து வந்ததுதான், அங்க அதுக்குப் பழைய பொருளே பருக்கைக் கல்லு.

இப்ப சுருங்கலுக்கு வருவோம். சுருங்கினதுன்னா தண்ணில போட்டதும் அளவு குறைஞ்சு போன துணி, அதாவது கெட்டுப்போனது, எவன் வாங்குவான்? சீர்சக்கர்ல எதுவும் சுருங்கறதில்ல, தறியிலயே நீளவாக்குல ஓடற பாவு நூல்ல ஒரு பட்டைய இறுக்கமாவும் அடுத்த பட்டைய தளர்வாவும் விட்டு நெய்யறாங்க, தளர்ந்த பட்டை புடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு துண்டுல புடைச்ச பட்டையிலேர்ந்து ஒரு பாவு நூல், தட்டையான பட்டையிலேர்ந்து ஒண்ணு உருவி நீவி வெச்சுப் பாருங்க, புடைச்ச பக்கத்து நூல்தான் நீளமா இருக்கும். நீளம் கூடின நூலுக்குப் போய் சுருங்கல்னு பேரா? நெஜமாவே சுருங்க வெச்சுப் பண்றது பிளிசேங்கற வேற துணி, காஸ்டிக் சோடா தடவினா தடவின இடம் சுருங்கிக்கும். வேணும்னா அந்தச் சொல்ல அதுக்கு வெச்சுக்கட்டும். இன்னும் சிலர் "கசங்கல் துணி"ன்னு எழுதறாங்க, அது இன்னும் மோசம், கசங்கினா இஸ்திரி போட்டா சரியாயிடும், இது எத்தன தடவ துவைச்சாலும் அப்படியே நிக்கும், அந்த மேடுதான் துணிய ஒடம்புல ஒட்டவிடாம காத்து போக வழி விடுது, வெயில் காலத்துக்கு இத தேடறதே அதுக்குத்தான்.

என் சொல் "சுருக்குவரித் துணி". பாவாடைக்கு சுருக்கு வெச்சுத் தைக்கறோம்ல, அதே சுருக்கு. சுருங்கறது தானா நடக்கறது, சுருக்கறது ஒருத்தர் வேணும்னே செய்யறது, இந்த வித்தியாசத்த தமிழ் ஒரே ஒரு மெய்யெழுத்துல வெச்சிருக்கு, அதப் போய் தொலைக்கறாங்களேன்னுதான் கோவம் வருது. வரின்னா டாக்ஸ் ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் சொன்னாரு. வரிக்குதிரைய பாத்து யாருக்கும் டாக்ஸ் ஞாபகம் வரலையே.

மொழிபெயர்க்கறவங்க படத்த மட்டும் பாத்து பேரு வைக்கறாங்க. துணிய ஒரு தடவ விரலால தடவிப் பாத்திருந்தா பாலும் சர்க்கரையும் கையிலயே தெரிஞ்சிருக்கும்.