பிரைவேட் ஃபாஸ்டரிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் பலர் இந்தச் சொல்லை முதலில் கேட்பதே பள்ளியிலிருந்து "பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது?" என்று விசாரிக்கும்போதுதான். கேட்டதும் 'தனியார் வளர்ப்பு' என்று தமிழாக்கிவிடுகிறோம். அது சரிவராது. தனியார் என்றாலே நமக்குத் தனியார் பள்ளி, தனியார் பேருந்துதான். இங்கே எந்த நிறுவனமும் கிடையாது. கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) கொண்டுவந்து ஒப்படைத்த பிள்ளையும் இல்லை, பெற்றோரே பேசி இன்னொருவர் வீட்டில் விட்ட பிள்ளை.

1989 சிறுவர் சட்டப்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை (மாற்றுத்திறனாளி என்றால் 18) பெற்றோரோ, நெருங்கிய உறவினரோ, சட்டப்படி பெற்றோர் பொறுப்பு உள்ளவரோ அல்லாத ஒருவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அது பிரைவேட் ஃபாஸ்டரிங். இதில் நாம் தடுக்கி விழுவது 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில்தான். தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா, பெற்றோருடன் பிறந்த மாமா, சித்தி, அத்தை, அவர்களுடைய கணவன் மனைவி, மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை என்று பட்டியல் முடிந்துவிடுகிறது. அப்பாவின் பெரியப்பா மகன் நமக்குச் சித்தப்பாதான், 'ஒன்றுவிட்ட' என்பதைக்கூட நாம் சொல்லமாட்டோம். சட்டத்துக்கோ அவர் அந்நியர்.

பாட்டியின் அக்கா, தங்கை போன்ற பாட்டி முறை உறவும் பட்டியலில் இல்லை. ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியை அப்படிப்பட்ட உறவுக்காரப் பெண்தான் அழைத்து வந்தார். அவரும் அவருடைய துணைவரும் செய்த கொடுமையில் 2000 பிப்ரவரியில் லண்டனில் 8 வயதில் அவள் இறந்தாள். அவள் சாவை ஆராய்ந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை 2003இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த சிறுவர் சட்டமும் 2005 விதிகளும், இப்படிப் பிள்ளையை விடுவதைக் கவுன்சிலுக்கு அறிவிக்கும் கடமையை இறுக்கின.

அந்த விதிகளின்படி, பிள்ளை வருவதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே கவுன்சிலின் சிறுவர் பிரிவுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் உடனே. பெற்றோரும் சொல்ல வேண்டும், வளர்க்கப் போகிறவரும் சொல்ல வேண்டும்; பிள்ளை வந்த 48 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது என்று இன்னொரு தடவை. அப்புறம் முதல் ஆண்டில் 6 வாரத்துக்கு ஒரு முறையாவது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, பெரும்பாலும் பிள்ளையைத் தனியாக வைத்துப் பேசுவார். தக்க காரணமின்றி அறிவிக்காமல் இருப்பது குற்றம், அபராதம் உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். ஃபாஸ்டர் என்பதன் பழைய ஆங்கில வேர் உணவைக் குறிப்பது, ஃபுட் என்ற சொல்லுக்கு உறவு. நாம் 'சோறு போட்டு வளர்த்தவர்' என்கிறோமே, அதேதான். தமிழில் இதற்கு அருமையான சொல் செவிலி. அருள் என்னும் குழந்தை 'பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு' என்கிறது குறள். ஆனால் இன்று செவிலி என்றால் ஆஸ்பத்திரி நர்ஸ், ஆகவே உதவாது. தத்து என்பதும் தவறு: தத்தில் பெற்றோர் உரிமையே கைமாறுகிறது, இங்கே அது பெற்றவரிடமே இருக்கிறது.

நான் எழுதுவது 'தனிப்பட்ட வளர்ப்பு ஏற்பாடு'. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. அந்த நபரை 'வளர்ப்புப் பெற்றோர்' என்று எழுதாமல் 'வளர்ப்பவர்' என்றால் போதும். பள்ளிப் படிவத்தில் பலர் போடும் 'கார்டியன்' இதற்குச் சமமல்ல. அது வேறு சட்ட நிலை, படிவத்தில் எழுதிவிட்டதாலேயே அந்த உரிமை வந்துவிடாது, கவுன்சிலுக்குச் சொன்னதாகவும் ஆகாது.