வாயுக் குளிசை என்று ஒதுக்கி வைத்த சோடா

செட்டிகுளம் பக்கத்திலிருந்து வரும் ஐயா ஒருவர் கிளினிக் மேசையில் மருந்துப் பையைக் கவிழ்த்தார். பிரஷர் குளிசை முடிந்திருந்தது. கல்சியமும் முடிந்திருந்தது. சோடா குளிசை மட்டும் உறையோடு அப்படியே கிடந்தது. "எனக்கு வாயு இல்லை டொக்டர், அதுதான் போடேல்லை" என்றார். போட்டால் ஏப்பம் வருகிறது, ஆகவே அது வாயுக் குளிசை. அவர் கணக்கில் பிழையில்லை. எழுதிக் கொடுத்த நாங்கள்தான் ஏன் என்று சொல்லவில்லை.

அன்று அவர் வந்தது இடுப்பு உளைவுக்கு. குந்தினால் எழும்ப ஏலாதாம். வவுனியாவிலும் அயலில் உள்ள பதவியா, மதவாச்சிப் பக்கங்களிலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பல ஆண்டுகளாக உண்டு. ஐயாவுக்கும் அதுதான். இப்படிப்பட்டவருக்கு எலும்பு உளைந்தால் பராதைரொயிட்டை நினைக்க வேண்டும். கழுத்தில், தைரொயிட்டுக்குப் பின்னால், அரிசிமணி போலப் பெரும்பாலும் நான்கு சுரப்பிகள். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் அவை பி.ரி.எச். என்ற ஓமோனைச் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை எடுப்பிக்கும். பொஸ்பேட் தேங்குவதாலும் விற்றமின் டி குறைவதாலும் இந்த ஓமோன் ஏறும் என்பதை எல்லோரும் பேசுகிறோம். அமிலத்தைப் பற்றிப் பேசுவது குறைவு.

சாப்பாட்டிலுள்ள புரதம் எரியும்போது அமிலம் மிஞ்சும். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 மில்லிமோல். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது முடியாமல் போனால், இரத்தத்தில் அமிலத்தை ஆற்றும் காரமான பைகாபனேற்று லீற்றருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். அப்புறம் எலும்பு தன்னிடமுள்ள காரத்தைக் கரைத்துக் கொடுக்கும், கல்சியமும் கூடவே போகும்.

இங்கே ஒரு கேள்வி வரும். இரத்தம் புளித்தால் புரதத்தில் ஒட்டியிருந்த கல்சியமும் கழன்று, தனியே திரியும் கல்சியம் கூடும். அப்படியென்றால் சுரப்பி அடங்கத்தானே வேண்டும்?

குளத்தில் நீர்மட்டம் காட்டும் அளவுச்சட்டத்தை நினையுங்கள். அதில் சேறு படிந்துவிட்டால், பார்ப்பவர் தண்ணீர் குறைவு என்று எண்ணி மேல்குளத்துத் துருசைத் திறந்துவிடுவார். சுரப்பியின் மேல் கல்சியத்தை அளக்கும் புரதம் ஒன்று உண்டு. 1993இல்தான் அதை இனங்கண்டார்கள். அமிலம் கூடும்போது அதன் உணர்வு மழுங்குகிறது. கல்சியம் இருந்தும் போதாது என்று எண்ணிச் சுரப்பி ஓமோனைக் கொட்டுகிறது. இதில் மேல்குளம் எலும்பு.

சோடா குளிசை என்பது சோடியம் பைகாபனேற்று, அதாவது அந்தக் காரமேதான். அமிலத்தை ஆற்றி அந்தச் சேற்றைக் கழுவப் பார்க்கிறது. சில ஆய்வுகளில் பி.ரி.எச். இறங்கியது, சிலவற்றில் அசையவே இல்லை. எனவே இது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக நோய் வழிகாட்டி 2012இல் பைகாபனேற்று 22க்குக் கீழே போனால் மருந்து கொடுக்கச் சொன்னது. 2024 பதிப்பு 18க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. என் வழக்கம், பி.ரி.எச்.சுக்கு விலை கூடிய மருந்து எழுதுமுன் பைகாபனேற்று எவ்வளவு என்று பார்ப்பது. அதிலும் ஒரு சிக்கல்: குழாயின் மூடி திறந்து கிடந்தால் வாயு பறந்து அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டு அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் பிரஷரைக் கூட்டும், காலை வீங்க வைக்கும். கல்சியம் ஏற்கெனவே குறைந்தவருக்குக் காரத்தை அவசரமாக ஏற்றினால் தனிக் கல்சியம் சட்டென விழும். விரல் விறைக்கும், கை மடங்கி இழுக்கும், வலிப்பும் வரலாம். அதனால்தான் கல்சியத்தை முதலில் பார்க்கிறோம்.

ஐயாவின் பைகாபனேற்று அன்று 15. உறையில் "இரத்தப் புளிப்புக்கு" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பையைக் கவிழ்த்தபோது அந்த உறை வெறுமையாக இருந்தது. பைகாபனேற்று 20. பி.ரி.எச். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. குந்தி எழும்ப இன்னும் சுவரைப் பிடிக்கிறார்.