‘தடகளப் பயிற்சியாளர்’ என்று ஒருவர் இல்லை

அமெரிக்காவில் ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ என்றொரு பணி உண்டு. ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே பையும் பனிக்கட்டியுமாக நிற்பவர். ஒருவர் விழுந்து எழாமல் கிடந்தால் நடுவருக்கு அடுத்தபடி களத்துக்குள் ஓடுபவர். இவரைத் தமிழில் ‘தடகளப் பயிற்சியாளர்’ ஆக்கிவிட்டார்கள். படிப்பு வழிகாட்டிகளிலும் வேலைப் பட்டியல்களிலும் இந்தச் சொல் கூச்சமில்லாமல் உலவுகிறது. இயந்திர மொழிபெயர்ப்பும் இதையே துப்புகிறது. இதில் உள்ள இரண்டு சொற்களுமே தவறு, அதுவும் ஒவ்வொன்றும் தனித்தனிக் காரணத்தால் தவறு.

வேரை முதலில் பார்த்துவிடுவோம், அதில் பெரிய சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் ‘ஆத்லோன்’ என்றால் போட்டியில் வெல்லும் பரிசு. அதற்காகப் போட்டியிடுபவர் ‘அத்லெட்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘அத்லெட்டிக்ஸ்’ என்பது ஓட்டம், தாண்டல், எறிதல் என்று சுருங்கிவிட்டது. அமெரிக்க ஆங்கிலத்தில் சுருங்கவில்லை. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் அத்லெட்டிக்ஸ் துறை என்றால் கூடைப்பந்து, நீச்சல், மல்யுத்தம், அமெரிக்கக் கால்பந்து எல்லாம் அதற்குள் வரும். நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். அதனால் ‘அத்லெட்டிக்’ என்று கண்டதும் கை தானாகத் ‘தடகளம்’ என்று எழுதிவிடுகிறது. தடமும் களமும் சேர்ந்த அழகான சொல்தான், இங்கே அதற்கு வேலையில்லை. ‘டிரெய்ன்’ என்பது ‘இழு’ என்னும் பொருள்கொண்ட இலத்தீன் ‘டிராஹெரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கொடியை இழுத்துப் பந்தலில் படரவிடுவதற்கும், பிறகு விலங்கையும் ஆளையும் பழக்குவதற்கும் அது ஆகிவந்தது. தண்டவாளத்தில் ஓடுவதும் இதே வேர்தான்.

சரி, மருத்துவம் பார்ப்பவருக்கு ‘டிரெய்னர்’ என்ற பெயர் எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டில் பந்தயக் குதிரைக்கும் குத்துச்சண்டைக்காரருக்கும் ஒரு டிரெய்னர் இருந்தார். உடம்பைத் தேய்த்துவிடுவது, உணவைக் கவனிப்பது, களைப்பைப் போக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. 1881இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் உடலைத் தயார்செய்ய ஜேம்ஸ் ராபின்சன் என்பவரை அமர்த்தியது. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தப் பணி தொடங்கிய கதையை அங்கிருந்துதான் சொல்வார்கள். பிறகு தைலம் வந்தது, கணுக்காலுக்கு ஒட்டுப்பட்டை வந்தது. 1938இல் தொடங்கிய முதல் சங்கம் போர்க்காலத்தில் கலைந்து, 1950இல் கேன்சஸ் சிட்டியில் தேசிய அத்லெட்டிக் டிரெய்னர்கள் சங்கம் பிறந்தது. 1990இல் அமெரிக்க மருத்துவக் கழகம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. வேலை அடியோடு மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அமெரிக்கர்களே இந்தப் பெயரால் படாதபாடு படுகிறார்கள். எங்களை வெறும் ‘டிரெய்னர்’ என்று எழுதாதீர்கள், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கச் சொல்லித் தருபவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று அந்தத் தொழிலினர் சலிக்காமல் சொல்லிவருகிறார்கள். கனடாக்காரர்கள் விவரமானவர்கள். ‘அத்லெட்டிக் தெரபிஸ்ட்’ என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆக, மூலமொழியே நொண்டும் ஒரு பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, அந்த நொண்டலையும் சேர்த்து இறக்குமதி செய்திருக்கிறோம்.

இனி ‘பயிற்சியாளர்’. எழுத்தாளர் எழுதுபவர், பேச்சாளர் பேசுபவர், பிறரைப் பேசவைப்பவர் அல்லர். அந்தக் கணக்கில் பயிற்சியாளர் என்றால் பயிற்சி செய்பவர் என்றே பொருள்வர வேண்டும். பயில் தன்வினை, பயிற்று பிறவினை. கற்றுத் தருபவர் பயிற்றுநர். ஆனால் விளையாட்டுப் பக்கங்கள் ‘கோச்’சுக்குப் பயிற்சியாளர் என்று எழுதி எழுதி அது ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்க நான் வரவில்லை. ஊன்றியிருப்பதுதான் இங்கே சிக்கல். தமிழ் வாசகருக்குப் பயிற்சியாளர் என்றால் கோச். வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை.

கோச்சும் இந்த மருத்துவப் பணியாளரும் ஒரே அணியின் சட்டையைப் போட்டிருந்தாலும் எதிரெதிர் திசையில் இழுப்பவர்கள். தலையில் அடிபட்டு ஒருவர் தள்ளாடுகிறார். மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே அவரை அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது என்பது விதி. பிறகு படிப்படியாக, அறிகுறி தலைகாட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆட்டத்துக்குத் திருப்ப வேண்டும். கோச்சுக்கோ ஆட்டத்தில் இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது, ஆள் வேண்டும். இதை இன்றைய மொழிபெயர்ப்பில் எழுதிப் பாருங்கள்: ‘பயிற்சியாளர் அவரை இறங்கச் சொன்னார், ஆனால் பயிற்சியாளர் கூடாது என்று தடுத்துவிட்டார்.’ யார் சொன்னார், யார் தடுத்தார்? ஒருவரே இரண்டு நிமிடத்தில் மனம் மாறினாரா? அந்தத் தொழிலின் உயிரே கோச்சிடமிருந்து விலகி நின்று ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரத்தில் இருக்கிறது. நம் சொல் அந்த விலகலையே அழித்துவிடுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹேம்லின், மார்பில் வாங்கிய மோதலுக்குப் பின் எழுந்து நின்று, அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே மார்பை அழுத்தி உயிர்மீட்புச் சிகிச்சையைத் தொடங்கியவர் அந்த அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன். இவரை ‘உதவித் தடகளப் பயிற்சியாளர்’ என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? ஓட்டப்பந்தயம் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவர் தற்செயலாகப் பக்கத்தில் இருந்திருக்கிறார், ஏதோ முதலுதவி தெரிந்திருக்கிறது, நல்ல மனிதர் என்றுதான் நினைப்பார். அது தற்செயல் இல்லை. அந்த நிமிடத்துக்காகவே படித்து, ஒத்திகை பார்த்து, தேர்வெழுதி வந்தவர் அவர்.

அந்தப் படிப்பின் பெயரையும் ‘தடகளப் பயிற்சியில் முதுகலை’ என்று எழுதுகிறார்கள். கலை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது, முதுநிலை என்று எழுதினால் என்ன? அது இருக்கட்டும். முன்பு இளநிலைப் பட்டத்தோடு இந்தத் தொழிலுக்குள் நுழையலாம். அதற்கும் முன்பு, தனிப் பாடத்திட்டம் இல்லாமலே ஒருவரின் கீழ் பணிபழகித் தேர்வெழுதும் வழியும் இருந்தது. 2004இல் அதை மூடினார்கள். முதுநிலைப் பட்டமே நுழைவாயில் என்று 2015இல் முடிவாயிற்று. 2022 இலையுதிர் பருவத்துக்குப் பிறகு இளநிலைத் திட்டங்கள் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. முதுநிலையில் சேர உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூற்றியல், உடலியங்கியல் படித்திருக்க வேண்டும். ஏற்புபெற்ற திட்டத்தில் படித்து முடித்து, சான்றளிப்பு வாரியத்தின் தேர்வில் தேறி, பெரும்பாலும் மாநில உரிமமும் வாங்க வேண்டும். இத்தனையும் தாண்டி வந்தவருக்கு நாம் விசிலை ஊதக் கொடுக்கிறோம்!

படிப்பின் உள்ளே போனால் சொல்லின் பொய் இன்னும் வெளிச்சமாகும். வெப்பத் தாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் பயிற்சியின்போது ஒருவர் குழம்பிப் பேசி விழுகிறார். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பதோ அக்குளில் வெப்பமானி வைப்பதோ செல்லாது. மலக்குடல் வழியாகத்தான் உள்வெப்பத்தை அளக்க வேண்டும். அது 40.5 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ இருந்து, மூளையின் போக்கும் தடுமாறினால் கழுத்துவரை பனிநீரில் அமிழ்த்த வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றாலும் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். உள்வெப்பம் 39 டிகிரிக்கு அருகே இறங்கும்வரை தொட்டியைவிட்டு எடுப்பதில்லை. அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் ஆள் பிழைப்பார். இது மருத்துவ முடிவு, எடுக்க வேண்டியது புல்தரையில், எடுப்பவர் நம்முடைய ‘தடகளப் பயிற்சியாளர்’.

முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பது லாக்மன் சோதனை. முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கிறதா என்பதை அந்த இழுப்பின் முடிவில் கை உணர வேண்டும். புத்தகம் படித்து இது வராது; பல முழங்கால்களைத் தொட்டுத்தான் வரும். அதனால்தான் படிப்பின் பெரும்பகுதி ஒரு வழிகாட்டியின் கண்முன்னே உண்மையான ஆட்களைப் பார்ப்பதில் கழிகிறது. குறைந்தது நான்கு வாரம் இடைவிடாமல் முழுநேரமாகப் பணியில் மூழ்கும் காலமும் கட்டாயம்.

இந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘கிளினிக்கல் ஸ்கில்ஸ்’. இதையும் விட்டுவைக்கவில்லை நம்மவர்கள். ‘மருத்துவமனைத் திறன்கள்’ என்கிறார் ஒருவர், ‘மருந்தகத் திறன்கள்’ என்கிறார் இன்னொருவர். கிரேக்கத்தில் ‘கிளினே’ என்றால் படுக்கை. நோயாளியின் படுக்கையருகே நின்று பார்ப்பதே கிளினிக்கல். கட்டடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘நேரடிச் சிகிச்சைத் திறன்’ என்றால் யாருக்கும் புரியும்.

‘தடகளப் பயிற்சியாளர்’ வழக்கில் வந்துவிட்டதே, இனி மாற்றலாமா என்பது வழக்கமான கேள்வி. எங்கே வழக்கில் வந்தது? பேச்சில் யாரும் சொல்வதில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் நகலெடுக்கிறார், அதை இயந்திரம் தின்கிறது, இயந்திரம் துப்பியதை மூன்றாமவர் ‘ஏற்கெனவே உள்ள கலைச்சொல்’ என்று மேற்கோள் காட்டுகிறார். கலைச்சொல் ஆக்குபவர்களில் பலர் சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. அந்தப் பணியாளர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்று ஒரு பத்தி படித்திருந்தால் போதும்.

மற்ற முயற்சிகளும் உண்டு. ‘விளையாட்டு மருத்துவர்’ கூடாது, அவர் எம்.டி. படித்த வேறொருவர், இவர் அவரோடு இணைந்து பணிபுரிபவர். ‘இயன்முறை மருத்துவர்’ என்பது பிசியோதெரபிஸ்ட்டுக்கு உரிய பெயர். இரண்டு தொழிலும் சில இடங்களில் உரசிக்கொண்டாலும் படிப்பு வேறு, உரிமம் வேறு. ‘விளையாட்டுக் காயச் சிகிச்சையாளர்’ பரவாயில்லை. ஆனால் காயம் வந்த பிறகுதான் இவருக்கு வேலை என்பதுபோல் ஆகிவிடுகிறது. காயம் வராமல் காப்பது, அவசரத் திட்டம் எழுதிவைப்பது, மீண்ட பிறகு களத்துக்குத் திருப்புவது எல்லாம் வெளியே நிற்கின்றன. ‘மெய்காப்பாளர்’ என்றார் ஒரு நண்பர். பொருள் கச்சிதம்தான், துப்பாக்கியோடு ஒருவர் வந்து நிற்பாரே என்றேன்.

‘அத்லெட்டிக் டிரெய்னர்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்பாரோடு எனக்குச் சண்டை இல்லை. பொய்யான தமிழைவிட உண்மையான கடன் மேல். ஆனால் அப்போதும் ஒரு விளக்கம் கூடவே போக வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவரே அதை ஜிம் டிரெய்னர் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நான் முன்வைப்பது ‘வீரர் நலம்பேணுநர்’. முதல் முறை முழுதாக எழுதிவிட்டால் பிறகு ‘நலம்பேணுநர்’ போதும். பேணுதல் என்ற வினைக்குள் வருமுன் காப்பதும் உண்டு, வந்தபின் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஓட்டுநர், நடத்துநர் போல -நர் விகுதி தொழிலைக் காட்டும் (‘பேணுனர்’ என்று எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்). ‘வீரர்’ என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அமெரிக்காவில் இந்தப் பணியாளர்கள் இன்று விளையாட்டோடு நிற்கவில்லை. படைப்பிரிவுகளிலும் தீயணைப்புத் துறைகளிலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அங்கே ‘அத்லெட்டிக்’ இடிக்கிறது, சிப்பாயும் ஒருவகை அத்லெட்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் விளையாட்டு வீரர், படைவீரர், தீயணைப்பு வீரர் மூவரும் வீரரே. மூலத்தைவிட நம் சொல் அகலமாக உட்காருகிறது. நடனக் குழுவிலும் ஆலையிலும் பணிபுரிபவருக்குப் பொருந்தாதே என்றால், பொருந்தாதுதான். அங்கே ‘கலைஞர் நலம்பேணுநர்’, ‘தொழிலாளர் நலம்பேணுநர்’ என்று முன்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பின்சொல் அசையாமல் நிற்கிறதே, அதுதான் வேண்டும்.

நீளம் என்பார்கள். ‘தடகளப் பயிற்சியாளர்’ மட்டும் என்ன குறளா?

படிப்பின் பெயர் ‘வீரர்நலம் பேணல் முதுநிலை’. கடைசியாக ஒன்று: இவர்கள் பணிபுரியும் ‘டிரெய்னிங் ரூம்’ பெரும்பாலும் ‘பயிற்சி அறை’ என்றே பெயர்க்கப்படுகிறது. உள்ளே போனால் சிகிச்சை மேசைகளும் பனிநீர்த் தொட்டியும் ஒட்டுப்பட்டைச் சுருள்களும் இருக்கும், பயிற்சி செய்ய இடமிருக்காது. அமெரிக்காவிலேயே இப்போது அதைக் கிளினிக் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். சிகிச்சை அறை என்று எழுதுங்கள்.