ஐ-140 நிராகரிக்கப்பட்டால் அப்பீல் போடலாமா, திரும்ப மனுப் போடலாமா?

அமெரிக்காவில் கம்பெனி மூலமாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஐ-140 (ஊழியருக்காக கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) நிராகரிப்புக் கடிதம் குடியேற்றத் துறையிடமிருந்து வந்தால் முதலில் தோன்றுவது "அப்பீல் பண்ணிடலாம்" என்பதுதான். ஆனால் அந்த மனு உங்களுடையது இல்லை. போட்டது கம்பெனி, நீங்கள் பயனாளி மட்டுமே. அதனால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் கம்பெனிக்குத்தான். நீங்களே ஒரு வக்கீலைப் பிடித்து உங்கள் கையெழுத்தில் அனுப்பினால், விஷயத்துக்குள்ளேயே போகாமல் தள்ளிவிடுவார்கள். ஈபி-1ஏ (அசாதாரணத் திறமையாளர்களுக்கான பிரிவு), தேசிய நலன் விலக்கு (நாட்டு நலன் கருதி கம்பெனி வேலை தேவையில்லை என்று தரும் விலக்கு) ஆகிய வழிகளில் தாங்களே மனுப் போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே முதல் வேலை ஹெச்ஆரிடம் பேசி நிராகரிப்புக் கடிதத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குவது. "டினை ஆயிடுச்சு, வக்கீல் பார்த்துக்கிட்டிருக்கார்" என்ற ஒரு வரி பதில் போதாது. எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதை அந்தக் காரணம்தான் தீர்மானிக்கும்.

கெடு குறுகியது. முடிவு வெளியான நாளிலிருந்து 30 நாள், தபாலில் அனுப்பியிருந்தால் 33 நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கெடுவுக்குள் படிவம் குடியேற்றத் துறையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், நீங்கள் தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. ஏற்கெனவே ஒப்புதலான மனுவைப் பின்னால் ரத்து செய்திருந்தால் இன்னும் குறைவு: 15 நாள், தபாலில் வந்தால் 18.

படிவம் ஐ-290பி. கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 800 டாலர், அனுப்பும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதே படிவத்தில்தான் மேல்முறையீடும் கேட்கலாம், மறுபரிசீலனையும் கேட்கலாம், மனுவைத் திரும்பத் திறக்கவும் கேட்கலாம். மூன்றும் ஒன்றல்ல. திரும்பத் திறக்கச் சொன்னால் புதிய உண்மைகளும் அவற்றுக்கான ஆவணங்களும் வேண்டும். மறுபரிசீலனை என்றால், அன்று கையில் இருந்த ஆவணங்களை வைத்தே சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று காட்ட வேண்டும். இந்த இரண்டையும் நிராகரித்த அலுவலகமே பார்க்கும். மேல்முறையீடு மட்டும்தான் ஏஏஓ (நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம்) என்ற தனிப் பிரிவுக்குப் போகும், அதுவும் நேரடியாகப் போகாது. நிராகரித்த அலுவலகம் முதலில் 45 நாளுக்குள் பார்த்து, தானே மனதை மாற்றிக்கொள்ளாவிட்டால் மேலே அனுப்பும். முழுக் கோப்பு வந்ததிலிருந்து 180 நாளில் முடிப்பது ஏஏஓவின் இலக்கு. விரிவான வாதத்தை அப்பீல் போட்டபின் 30 நாளுக்குள் தனியாக அனுப்பலாம்.

ஏஏஓ கோப்பை முதலிலிருந்து புதிதாகப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்தபோது கேட்ட ஆவணத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, அதையே அப்பீலில் வைத்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். நிறைய வழக்குகள் சறுக்குவது இங்கேதான், அதனால் ஆர்எஃப்இ பதிலை உயிரைக் கொடுத்துத் தயார் செய்ய வேண்டும்.

நம் ஊரில் படித்தவர்கள் அடிக்கடி மாட்டுவது பட்டத்தில். மூன்று வருட பி.எஸ்சி., அதோடு ஒரு தனியார் கம்ப்யூட்டர் சென்டர் டிப்ளமோ, மேலே பத்து வருட அனுபவம். ஹெச்-1பி வேலை விசாவுக்கு இதை ஒத்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் அங்கே மூன்று வருட அனுபவத்தை ஒரு வருடப் படிப்பாகக் கணக்கிடலாம். முதுகலை அளவிலான தகுதி கேட்கும் கிரீன் கார்டு பிரிவான ஈபி-2வில் அந்தக் கணக்கு செல்லாது. முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால் அமெரிக்க நான்கு வருடப் பட்டத்துக்கு இணையான ஒரே பட்டம், அதற்குப் பிறகு ஐந்து வருட அனுபவம் என்று கேட்பார்கள். இங்கே அப்பீலில் வாதாடிப் பெரிய பயன் இல்லை. பெர்மில் (ஐ-140க்கு முன் தொழிலாளர் துறையிடம் கம்பெனி வாங்கும் சான்றிதழ்) எழுதிய தகுதி வாசகம் இடம் கொடுத்தால், அதைவிடக் குறைந்த தகுதி கேட்கும் பிரிவான ஈபி-3யில் புதிதாக மனுப் போடுவதே நல்லது.

இன்னொரு காரணம், கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்கும் சக்தி இல்லை என்பது. பெர்ம் போட்ட நாளிலிருந்து உங்களுக்கு கிரீன் கார்டு கிடைக்கும் வரை சொன்ன சம்பளத்தைத் தர முடியும் என்று காட்ட வேண்டும், வரித் தாக்கல் அல்லது தணிக்கை செய்த கணக்கு வேண்டும். உண்மையிலேயே அந்தச் சம்பளத்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அதிகாரி அதைக் கவனிக்கவில்லை என்றால் அது அப்பீலுக்கோ மறுபரிசீலனைக்கோ தகுந்த வழக்கு.

ஆவணக் குறையால் போனதென்றால் என் கருத்து, புதிய ஐ-140 போடுங்கள். பெர்ம் 180 நாள்தான் செல்லும், முடிந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். முதல் ஐ-140 அந்த 180 நாளுக்குள் போயிருந்து, பெர்ம் மோசடிக்காக ரத்தாகாமல் இருந்தால், நிராகரிப்புக்குப் பிறகும் அதே பெர்மை வைத்துத் திரும்ப மனுப் போடலாம். பழைய பிரையாரிட்டி தேதியும் (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) அப்படியே வரும். ஈபி-2, ஈபி-3 வரிசையில் பல வருடம் காத்திருக்கும் இந்தியர்களுக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. அப்பீலும் புதிய மனுவும் இரண்டையும் ஒரே சமயத்தில் போடத் தடை இல்லை.

ஹெச்-1பியில் அதிகபட்சமான ஆறு வருடம் முடியப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெர்மோ ஐ-140யோ போட்டு 365 நாள் ஆகியிருந்தால் ஒரு வருட நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் மறுப்பு இறுதியாகிவிட்டால் அந்த வழி மூடிவிடும். கெடுவுக்குள் போட்ட அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை மறுப்பு இறுதி இல்லை. மற்றபடி அப்பீல் போட்டிருக்கிறோம் என்பது தங்கும் உரிமை எதையும் தராது, சேர்த்துப் போட்ட ஐ-485உம் (கிரீன் கார்டுக்கு நீங்களே போடும் விண்ணப்பம்) ஐ-140யோடு சேர்ந்தே விழும். அதனால் ஐ-94இல் (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) உள்ள தேதியை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தேதியோடு வக்கீலிடம் பேசுங்கள்.