மழையில் ஓட நனையாத ஷூவைத் தேடாதீர்கள்

சென்னை மாரத்தான் ஜனவரியில். அதற்கான பயிற்சி சரியாக அக்டோபர், நவம்பர் மழையில்தான் வந்து விழும். இந்த மாதங்களில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு முட்டி வலி, குதிகால் வலி என்று ஓட்டக்காரர்கள் வருவார்கள். ஷூவைக் கழற்றச் சொன்னால் வலியைவிடப் பெரிய பிரச்சினை உள்ளே இருக்கும். போன வாரம் வந்தவருக்கு உள்ளங்கால் முழுக்க ஊறி வெளுத்திருந்தது. சுண்டுவிரல் இடுக்கில் தோல் பிளந்து சிவந்து கிடந்தது. குதிகாலில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், நாற்றம் வேறு. “வாட்டர்ப்ரூஃப் ஷூதான் மேடம் போடறேன், அப்புறமும் எப்படி வந்துச்சுன்னு தெரியல” என்றார். அந்த ஷூவால்தான் வந்தது என்று சொன்னேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

வாட்டர்ப்ரூஃப் ஓட்ட ஷூ நம் ஊருக்கானது இல்லை. குளிர் நாடுகளில் பனியிலும் ஈரப் புல்லிலும் ஓடுகிறவர்களுக்கு அது உபயோகப்படும். கோர்-டெக்ஸ் மாதிரியான படலம் வெளித் தண்ணீரைத் தடுக்கும், உள்ளே உண்டாகும் ஆவியை வெளியே விடும் என்று சொல்வது பொய் அல்ல. ஆனால் ஆவி வெளியே போக, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். காலை ஐந்தரை மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் மேலே போய்விடும். ஆவி எங்கே போகும்? மழையே இல்லாத மே மாதத்தில்கூட, தொடையிலிருந்து வழிகிற வியர்வை சாக்ஸில் இறங்கி, ஒரு மணி நேர ஓட்டத்தில் ஷூ ‘சளக் சளக்’ என்று சத்தம் போடும். மழை பெய்தால் இன்னும் மோசம். ஷூவுக்குத்தான் வாட்டர்ப்ரூஃப், கணுக்காலைச் சுற்றி இருக்கும் வாய் திறந்துதானே இருக்கிறது? காலில் வழியும் தண்ணீர் அப்படியே உள்ளே போகும். தண்ணீரை உள்ளே விடாத அதே படலம் இப்போது அதை வெளியேயும் விடாது. குடத்தில் காலை விட்டுக்கொண்டு ஓடுகிற கதைதான். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியதால் கழற்றிப் போடவும் மனசு வராது. அதையே திரும்பத் திரும்பப் போட்டு ஓடுவார்கள்.

நம் வெயிலிலும் மழையிலும் நனையாமல் ஓட வழியே இல்லை. நனைந்தது எவ்வளவு சீக்கிரம் வடிகிறது, எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதைத்தான் ஷூ வாங்கும்போது பார்க்க வேண்டும்.

கடையில் போன் டார்ச்சைப் போட்டு ஷூவுக்குள் விடுங்கள். விரல்களுக்கு மேலே இருக்கும் வலைத்துணியில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக நன்றாகத் தெரிந்தால் காற்றும் போகும், தண்ணீரும் வடியும். மங்கலாகத் தெரிந்தால் உள்ளே இன்னொரு அடுக்குத் துணி இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து நாக்கையும் குதிகால் பக்கத்து மெத்தையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தடியான பஞ்சு இருந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் இன்சோலைத் தனியாக எடுக்க முடிகிறதா? பசை போட்டு ஒட்டியிருந்தால் வேண்டாம். ஈரம் அதன் அடியில்தான் தங்கும். அடிப்பாகத்து நுரை அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பெட்டியிலோ இணையத்திலோ போட்டிருக்கும் எடை காய்ந்த ஷூவின் எடை. நமக்கு வேண்டியது நனைந்த எடை. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் அதே வேகத்தில் ஓட உடம்புக்கு ஏறக்குறைய 1 சதவீதம் அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஏற்கெனவே வைத்திருக்கும் ஷூவை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு மக் தண்ணீரை உள்ளே ஊற்றி, போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி நிறுங்கள். 220 கிராம் ஷூ 350 கிராம் காட்டினால் அந்த ஷூ மழைக்கு ஆகாது. புது ஷூவை நனைத்தால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து, அளவு சரி என்று உறுதியான பிறகு நனையுங்கள்.

அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஈரத்தில் பாதம் முன்னால் வழுக்கும், நகம் கறுத்துப் போவது இப்படித்தான். லேஸின் கடைசி ஓட்டையையும் பயன்படுத்தி இறுக்கிக் கட்டினால் வழுக்கல் குறையும். காட்டன் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் போதும்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையைக் குறைக்க ரப்பரை எடுத்துவிட்டு வெறும் நுரையை விட்டிருப்பார்கள். காய்ந்த தாரில் அது பரவாயில்லை. மழையில் நடைபாதை டைல்ஸ், ஜீப்ரா கிராஸிங் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, பாசி பிடித்த சிமென்ட் தரை எல்லாவற்றிலும் வழுக்கும். முன்பாதத்திலும் குதிகாலின் வெளி ஓரத்திலும் ரப்பர் இருந்தே ஆக வேண்டும். விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருபவர்களையும் நான்தான் பார்க்கிறேன்.

லேசான ஷூ என்றதும் மெல்லிய ஷூ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. எடை குறைந்தாலும் மெத்தை போதுமான ஷூக்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. முன்பாதத்தைவிடக் குதிகால் 10 மில்லிமீட்டர் உயரமாக இருந்த ஷூவிலிருந்து ஒரே நாளில் 4 மில்லிமீட்டருக்கோ தட்டை ஷூவுக்கோ மாறினால், கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணும் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். 2013இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தினர், வழக்கமாக ஓடுகிறவர்களை 10 வாரம் வெறுங்கால் மாதிரியான ஷூவுக்கு மாற்றி எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மாறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாத எலும்புக்குள் வீக்கம் கூடியிருந்தது. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஜெயிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். 1960இல் ரோமில் ஜெயித்தார்தான். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, இன்னும் வேகமாக ஜெயித்தார். அதை யாரும் சொல்வதில்லை.

புது ஷூவில் முதல் வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு கிலோமீட்டர் மட்டும். மிச்சத்தைப் பழைய ஷூவில் ஓடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முன்பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுபடி ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து.

ஓடி முடித்ததும் ஷூவோடு டிபன் சாப்பிடப் போகாதீர்கள். கழற்றி, காலைக் கழுவி, விரல் இடுக்கையெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். இன்சோலை வெளியே எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். ஹேர் டிரையர் பிடித்தால் பசை விட்டுப்போகும். மழைக்காலத்தில் ஒரே ஜோடி ஒரு நாளில் காயாது. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றுப்புண் வந்துவிட்டால் மெடிக்கலில் கேட்டு ட்யூப் வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். நான் சொன்ன சின்னக் குழிகள் பூஞ்சையே அல்ல, பாக்டீரியாவால் வருவது; மருந்து வேறு. தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும், நானும் அங்கேதான் அனுப்புகிறேன். சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

தேங்கிய தண்ணீரில் மட்டும் எந்த ஷூவோடும் ஓடாதீர்கள். அதில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால், விரல் இடுக்கில் இருக்கும் சின்ன வெடிப்பு போதும், எலிக்காய்ச்சல் வர. அப்படி ஓடியபின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஓடிய வலி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். மழைத் தண்ணீரில் ஓடியதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.