ஆயில் ஃபில்டரில் மின்னும் செதில்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்க ஒரு டார்ச் விளக்கும் கழற்றிய ஆயில் ஃபில்டரும் போதும். காகித மடிப்புகளைப் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கறுத்த ஆயிலுக்கு நடுவே ஏதோ மினுமினுக்கும். மனம் உடனே, எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குத் தாவிவிடும். பயப்படலாமா, வேண்டாமா என்பதை அந்தச் செதிலிடமே கேட்கலாம். எந்த உலோகம், என்ன வடிவம், எந்த அடுக்கிலிருந்து உதிர்ந்தது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்கிலும், பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில் உள்ள ராட் பேரிங்கிலும் குண்டுகளோ உருளைகளோ கிடையாது. அரைவட்டமாக வளைத்த இரண்டு மெல்லிய தகடுகள் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இடையில் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு இடைவெளி, அதில் ஆயில். தண்டு சுழலும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குறுகலான பக்கத்துக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம் தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. நீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையை விட்டு எழும்பி நழுவுகிறதே, அதே இயற்பியல்தான். சாலையில் அது ஆபத்து. எஞ்சினுக்குள் அதுதான் உயிர்.

இதை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் போஷாம்ப் டவர். 1880களில் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தபோது, பேரிங்கின் உச்சியில் ஆயில் ஊற்றுவதற்காக ஒரு துளை போட்டார். உள்ளே போக வேண்டிய ஆயில் வெளியே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், அடைப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கான கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பு அந்தச் சமன்பாட்டின் மீதுதான் நிற்கிறது.

ஆக, ஆயில் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. சிக்கல், அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்பதில் இருக்கிறது. சுமை உச்சத்தில் இருக்கும் கணத்தில் அது ஓரிரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக்கூடச் சுருங்கும். அந்தச் சுமையோ சாதாரணமானதல்ல. பிஎம்டபிள்யூ எம்3 காரில் 2007 முதல் வந்த 4 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8,300 சுற்றில் அதன் சக்தி உச்சத்தைத் தொடுகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 3,600 மடங்கு. பிஸ்டனும் அதன் துணைப் பாகங்களும் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், ராட் பேரிங் இழுத்துப் பிடிக்க வேண்டியது கிட்டத்தட்ட 1.8 டன் விசை. வேகம் இருமடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். சாதுவான குடும்பக் கார்களில் அரிதாகக் கேட்கும் பேரிங் தேய்மானப் பேச்சு, உயர்சுற்று எஞ்சின்களில் ஓயாமல் கேட்பதற்கு இந்த இருபடிக் கணக்கே முக்கியக் காரணம்.

படலம் கிழியும் கணங்களுக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் பஞ்சமில்லை. ஆயில் சூடேறும் முன்பே முடுக்கினால் ஒன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக ஆயிலும் சூடாகிவிட்டது என்று பொருளல்ல. அது பின்தங்கித்தான் வரும். பந்தயத் தடத்தின் வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். உறிஞ்சும் குழாய் ஒரு நொடி காற்றைக் குடித்தாலும் பேரிங்குக்கு அந்த ஒரு நொடி பட்டினிதான். எரியாத பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போவது மூன்றாவது வழி.

இப்படிப்பட்ட தொடுகைகளை எதிர்பார்த்தே பேரிங்கை மென்மையாகச் செய்கிறார்கள். தேய வேண்டியது தகடு. விலை உயர்ந்த கிராங்க் அல்ல. மூன்றடுக்குப் பேரிங்கில் முதுகுப்புறம் எஃகு, அதன்மேல் செம்புக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே 10 முதல் 20 மைக்ரான் அளவில் காரீயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு. ஆயிலோடு வரும் மணல் துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்வதும் இந்தப் பூச்சின் வேலை. எனவே புதிய எஞ்சினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் வெள்ளி மினுக்கம் தெரிந்தால் பதற வேண்டாம். பாகங்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. செம்பு நிறம் தெரிந்தால் விஷயம் வேறு. மேல்பூச்சு போய்விட்டது, அடுத்த அடுக்கு உதிர்கிறது என்று அர்த்தம்.

ஆயுள் முடிந்த வாகனங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் கொண்டுவந்த விதி, பேரிங் உட்பட வாகனத்தின் பல பாகங்களிலிருந்து காரீயத்தைப் படிப்படியாக வெளியேற்றியது. மேலே சொன்ன எம்3 எஞ்சினிலும் பின்னாளில் காரீய-செம்புப் பேரிங் போய், அலுமினிய-வெள்ளீயப் பேரிங் வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால் இந்தவகைப் பேரிங்கில் எச்சரிக்கை செய்ய செம்பு அடுக்கு இல்லை. உதிரும் செதிலும், பிஸ்டனிலிருந்து சுரண்டப்பட்ட அலுமினியமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

எனவே சோதிக்க வேண்டும். முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், அதைச் சுழற்றும் டைமிங் செயின், பற்சக்கரம், குண்டு பேரிங் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். போர்ஷே 996 மாடலின் இடைத்தண்டுக் குண்டு பேரிங் கெடும்போது காந்தத்தில் ஒட்டும் துகள்கள் வருவது இதனால்தான். ஒட்டாத வெள்ளித் துகளைச் சூடான சால்டரிங் முனையால் தொட்டு உருகினால் ஈயப்பூச்சு. காஸ்டிக் சோடாக் கரைசலில் குமிழி விட்டுக் கரைந்தால் அலுமினியம் (கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்). விரலில் நசுக்கினால் பொடியாவது வெறும் கரி. வடிவமும் பேசும். தட்டையான செதில் என்றால், திரும்பத் திரும்ப விழும் சுமையில் உலோகம் களைத்துப் பெயர்ந்த பரப்பு. சுருண்ட இழை என்றால் ஏதோ கடினமான பொருள் கடைசல் உளிபோலச் சீவியிருக்கிறது.

ஃபில்டர் உலோகக் கூட்டுக்குள் அடைத்த வகை என்றால் அதை ரம்பத்தால் அறுக்கக் கூடாது. ரம்பம் உதிர்க்கும் துகளைப் பார்த்து எஞ்சினைக் குற்றம் சாட்ட நேரிடும். விமானப் பராமரிப்பில் இதற்கென்றே உருளைக் கத்தி கொண்ட கட்டர் உண்டு.

ஆய்வகத்துக்கு ஆயில் மாதிரி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? பலரும் ஏமாறும் இடம் இது. மாதிரியை மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்து, எழும் ஒளியின் நிறமாலையிலிருந்து ஒவ்வொரு உலோகமும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் முழுதாக ஆவியாகாது. கணக்கிலும் சரியாக வராது. கண்ணுக்குத் தெரியும் செதிலோ பல பத்து மைக்ரான். ஆகவே ஃபில்டர் மின்னும்போதே அறிக்கை சுத்தமாக வரலாம். மறுபக்கம், புதிய ஆயில் கூலரிலிருந்து செம்பு கரைந்து, பேரிங் நலமாக இருக்கும்போதே அறிக்கை பயமுறுத்தலாம். என்னைக் கேட்டால், ஒற்றை அறிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் எண்கள் ஏறுகின்றனவா என்பதையும், ஒவ்வொரு முறையும் ஃபில்டரில் என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பேரிங்கிலிருந்து விழும் செதில் சம்ப்புக்குப் போய், பம்ப் வழியாக ஃபில்டருக்கு வருகிறது. அங்கே சிக்கினால் நல்லது. ஆனால் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ காகிதம் அடைத்துக்கொண்டாலோ பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். ஆயிலே இல்லாமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் மேல் என்பது வடிவமைப்பாளர் கணக்கு.

செம்பு நிறமோ, தட்டைச் செதில்கள் கூடிக்கொண்டே போவதோ தெரிந்தால், எஞ்சினை ஓட்டிக் காதால் சோதிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ராட் பேரிங் தட்டும் ஓசை கேட்கும் நிலையில் கிராங்கும் பெரும்பாலும் கீறப்பட்டிருக்கும். சம்ப்பைக் கழற்றி ராட் மூடிகளைத் திறந்தால் தகடுகள் நேராகவே பதில் சொல்லும். மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் இரண்டையுமே பார்க்க வேண்டும்: எரிப்பின் அடி மேல்தகட்டில் விழுகிறது, உயர்சுற்றின் இழுவை கீழ்த்தகட்டில். மூடியை மீண்டும் பூட்டும்போது, இழுபட்டு நீளும் வகை போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.